பார்க்க ஒன்றுமில்லாத எக்ஸ்டென்ஷன்

2025 ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். ஆவடி போய் என் தோழி சபீனா வீட்டுப் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் சரியாகப் பசிக்கவில்லை.

சாப்பிட்டதும் வழக்கம்போல லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். சபீனாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசித்துச் சொல்லும். அதை வைத்து வங்கி உத்தியோகத்தையே ஜமாய்க்கிறாள். மாட்டிக்கொள்வது ஆன்லைன் கடைகளிலும் பில் கட்டும் தளங்களிலும்தான். அங்கே பாதி பட்டன்கள் வெறும் படம். செய்தவர்கள் அவற்றுக்குப் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள். அவள் காதில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் விழும். எது கூடை, எது பணம் கட்டுவது? அதைச் சொல்ல நான் வேண்டும், இல்லையென்றால் அவள் அண்ணன் வேண்டும்.

"நான் இன்னா வாங்கினாலும் உனக்குத் தெரியும், இல்ல அண்ணனுக்குத் தெரியும். என் உள்பாவாடை சைஸ் வரைக்கும்! எனக்குன்னு இன்னா ரகசியம் கீது, சொல்லுடி நிவி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

சும்மா விடுவேனா? ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினால் போதும். பிரவுசரில் சேர்த்துவிட்டால், பெயரில்லாத பட்டனுக்கெல்லாம் அது தமிழில் பெயர் வைத்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து இத்தனை வருடமாக யார் யாருக்கோ புரோகிராம் எழுதுகிறேன். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி.

ஜூன் 15

ஜுஜுபி இல்லை. ஒவ்வொரு தளமாக உட்கார்ந்து பெயர் எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் முடித்துவிட்டேன். எக்ஸ்டென்ஷனின் பெயர் 'பேர் சொல்லு'. பெயரே அமர்க்களம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 19

சபீனா போட்டுப் பார்த்தாள். "கூடை, பட்டன். பணம் கட்டு, பட்டன்." அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். வாங்குவதற்கு ஒன்றுமில்லாமலே கூடைக்குள் போய்ப் போய் வந்தாள்.

"எனக்கு மட்டும் வெச்சிகினா எப்பிடி? எங்க கண்ணு தெரியாதவங்க சங்கத்துல எத்தினி பேர் கீறாங்க! ஸ்டோர்ல போடு, அவங்களே எடுத்துப்பாங்க."

போட்டால் போயிற்று.

ஜூன் 22

எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கும் ஸ்டோர் என்று ஒன்றில்லை, ஒவ்வொரு பிரவுசருக்கும் தனி. முதலில் இரண்டில் போடுகிறேன். எல்லாம் எழுதியாயிற்று, கடைசியில் ஒரு கட்டம்: எக்ஸ்டென்ஷன் எப்படி இருக்கும் என்று காட்ட ஸ்கிரீன்ஷாட் வேண்டுமாம், அது இல்லாமல் ஏற்றுக்கொள்ளாதாம். காதுக்காகச் செய்ததற்கு எதைப் படம் பிடிப்பது?

'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட்டேன். ராகவன் எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒரே படமா இருக்கே?" என்றார். ஆமாம், ஒரே படம்தான்! நம் வீட்டுக்காரருக்கே புரியவில்லையென்றால்...

இருக்கட்டும். தாண்டிவிடும்.

ஜூன் 26

ஒரு ஸ்டோரில் பாஸ். இன்னொன்றில் நிராகரிப்பு: "விவரத்தில் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை."

நடக்கிறது ஐயா! ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கேட்டால் நடக்கிறது! ஸ்டோரில் சோதித்துப் பார்க்கும் ஆள் திறந்து பார்த்திருக்கிறார், கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை, மூடிவிட்டார். விளக்கி எழுதினேன். அதே பதில் அச்சு மாறாமல் வந்தது.

ஜூன் 28

உங்களுக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? ஒவ்வொரு பட்டனுக்கும் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் பெயரை ஒட்டிவிட்டேன். பளிச்சென்று இருக்கிறது. இரண்டு ஸ்டோரிலும் இதையே ஏற்றியிருக்கிறேன். நிவேதிதாவா கொக்கா!

ஜூலை 1

இரண்டிலும் பாஸ்! அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கியதும் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன். வீட்டுக்கு வருவதற்குள் நான்கைக் காணோம்.

ஜூலை 2

சபீனா போன் செய்தாள். வாழ்த்துக்கு என்று நினைத்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்தேன்.

"இன்னாடி பண்ணி வெச்சிகீறே? எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தபா சொல்லுது. 'பணம் கட்டு, பட்டன், பணம் கட்டு'ங்குது. கரண்ட் பில்லு ரெண்டு வாட்டி போயிடுமோன்னு பயந்து, திரும்பவும் அண்ணன் கையில குடுத்தேன்."

நான் ஒட்டிய மஞ்சள் பெயரையும் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கிறது. வாசிக்கத்தானே செய்யும், எழுத்துதானே அது! இதுகூடவா தோன்றவில்லை எனக்கு? ஸ்டோர்காரர் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"யாருக்காகடி செஞ்சே? எனக்கா, அந்தாளுக்கா?"

வைத்துவிட்டாள்.

ஜூலை 3

அந்தாளுக்குத்தான். கடைசியாகச் செய்தது அந்தாளுக்குத்தான். அவளிடம் ஒரு தடவை போட்டுக் காட்டியிருக்கலாம். பாஸ் வாங்க வேண்டும் என்ற திமிர், வேறென்ன?

ஜூலை 6, ஞாயிறு

ஜாங்கிரியோடு ஆவடி போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். ஜாங்கிரியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மஞ்சள் பெயர் கண்ணுக்கு இருக்கட்டும், ஸ்கிரீன் ரீடர் அதைக் கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். சேர்த்தேன். ஆனால் ஏற்றவில்லை. லேப்டாப்பை அவளிடம் தள்ளினேன். தளம் தளமாகப் போய்க் கேட்டாள். இரண்டு இடத்தில் நான் வைத்த பெயர் சரியில்லை என்று மாற்றச் சொன்னாள். மாற்றினேன், அவள் சொன்னதுதான் சரி.

"இனிமே மொதல்ல என் காது. அப்பாலதான் உன் ஸ்டோர். இன்னா?"

"சரிங்க மேடம்" என்றேன். கடைசியில் 'ஏற்று' பட்டனை அவளே அழுத்தினாள்.

ஜூலை 11

பாஸ். இரண்டிலும். இந்தத் தடவை முதலில் சபீனாவுக்குப் போன் செய்தேன்.

ஆகஸ்ட் 3

சங்கத்துக்காரர்கள் எழுதுகிறார்கள், அந்தத் தளத்தைச் சேருங்கள், இந்தத் தளத்தைச் சேருங்கள் என்று. ஒருவர் பெயர்களில் எழுத்துப்பிழை கண்டுபிடித்து என்னை வறுத்து எடுத்திருக்கிறார். ஜோராக இருக்கிறது.

சபீனா பட்டன் கேட்டுக் கூப்பிட்டு வாரக்கணக்காகிறது. அதற்குத்தானே இத்தனையும்? அப்புறம் ஏன் எனக்கு இப்படி வெறிச்சென்று இருக்கிறது? முன்பெல்லாம் அவள் கூப்பிட்டாலே அலுத்துக்கொள்வேன். மனுஷிக்கு என்னதான் வேணுமாம்!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என் பிறந்தநாள். காலையில் ஒரு பெரிய பெட்டியை மூச்சு வாங்க மூன்று மாடி ஏற்றிக்கொண்டு வந்து நின்றார் டெலிவரிக்காரர். "நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்றேன். "உங்க பேருதாம்மா போட்டுகீது" என்றார். ராகவனைப் பார்த்தேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

உள்ளே பால்கனியில் மாட்டும் துணி ஊஞ்சல். மெத்தை வைத்தது.

சபீனாவுக்குப் போன் செய்தேன்.

"வந்திச்சா? ஒவ்வொரு வருசமும் உன் பொறந்த நாளுக்கு உன்னையே பட்டன் அமுக்கச் சொல்லி வாங்கிகினு இருந்தேன். இந்த வாட்டிதான்டி உனக்குத் தெரியாம வாங்கினேன்."

எதையாவது பேச வேண்டுமே என்று, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன், போடி" என்றாள்.