ஏரி நாட்டில் தொலைபேசி இல்லை

தண்டர் பே
6 பிப்ரவரி 2018

ஏரி நாட்டு எதிர்க்கட்சித் தலைவி, மாண்புமிகு ஐலி கங்காஸ் அவர்களுக்கு,

தபால் மந்திரி ரெய்னோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நலம். அங்கும் நலம்தானே? குடும்ப விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதக் கூடாது என்ற நம் ஒப்பந்தத்தை எட்டு வருடமாகக் காப்பாற்றி வருகிறேன்.

இனி நாட்டு நடப்பு. இந்த வருடக் கூட்டத்தொடர் வழக்கம்போல ஏரியின் நடுவே, பனிக்கட்டி மேல் போட்ட மீன்பிடிக் குடிசைகளில் தொடங்கியது. சபாநாயகரான அப்பா கோடரியால் மூன்று வெட்டு வெட்டி, "ஆரம்பிங்கடா, கால் விறைக்குது" என்று சபையைத் திறந்து வைத்தார். உறுப்பினர்கள் அவரவர் அடுப்பை அவரவரே இழுத்து வந்தார்கள். அடுப்பு அணைந்துபோனவருக்குப் பேச உரிமை இல்லை என்பதால் ஆண்டறிக்கையே நாலு நிமிடத்தில் முடிந்தது. ஓஜிப்வே பழங்குடிப் பெரியவர்களின் மேல்சபை புதிய படகுத்துறைக்கு இந்த வருடமும் அனுமதி தரவில்லை. அந்த இடத்தில் மீன் முட்டையிடுகிறதாம். மீனுக்கு ஓட்டுரிமை இல்லையே என்று நம் ஆள் ஒருவன் கேட்டுவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பெரிய சண்டை தொலைபேசி மசோதாவில்தான். முகத்தைப் பார்க்காமல் பேசுவது மரியாதை இல்லை என்ற 1911-ஆம் வருடச் சட்டத்தை நீக்கச் சொல்லி இளவட்டங்கள் குதிக்கிறார்கள். கையுறை வாக்கெடுப்பு நடந்தது. வேண்டும் என்பவர்கள் வலது கையுறையைப் பெட்டியில் போட, வேண்டாம் என்பவர்கள் இடது கையுறையைப் போட்டார்கள். வலது நாற்பது, இடது நாற்பத்தொன்று. ஒரே ஒரு கையுறையில் மசோதா தோற்றது. உங்கள் கட்சி ஆறாவது முறையாக ஜெயித்திருக்கிறது. வாழ்த்துகள்.

புதுத் தபால்தலை வரைந்து ஒட்டியிருக்கிறேன். படத்தில் இருப்பது மீன். படகு என்று சொல்லிவிடாதீர்கள்.

தங்கள்,
ரெய்னோ
தபால் மந்திரி (மாநகரப் பேருந்து ஓட்டுநரும்)


ஹான்காக்
19 பிப்ரவரி 2018

தபால் மந்திரிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறேன் என்று முதல் பத்தியில் பீற்றல். அடுத்த பத்தியிலேயே அப்பா கையில் கோடரி. படித்துக்கொண்டிருக்கும்போதே காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ரெய்னோ, அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடமும் "சபை திறந்தது" என்று மட்டும் எழுதுவாய். யார் திறந்தது என்று நானும் கேட்டதில்லை. இப்போது மட்டும் ஏன்? தெரியாமல் எழுதினாயா, தெரிந்தே எழுதினாயா?

எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைத் திருப்பி அனுப்பத்தான் உறை எடுத்தேன். அப்புறம், சின்ன வயதில் நாம் இட்டுக்கட்டிய இந்த நாட்டின் சட்டம் நினைவுக்கு வந்தது. முத்திரை குத்தித் தபாலில் போட்டது மாறாது. தப்பாகவே இருந்தாலும் அடித்துத் திருத்தக் கூடாது. கடிதத்தைப் பெறுகிறவர்தான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். ஜூலையில் பனிப்புயல் என்று நீ ஒருமுறை உளறிவைக்க, அதற்காக நான் எங்கோ ஒரு எரிமலையை வெடிக்க வைத்தேனே, அதே சட்டம். சமையலறை மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு வயதில் அதைப் போட்டவள் நான். நுணலும் தன் வாயால் கெடும்.

ஆகவே காரணம் இதோ. உன் கரையையும் என் கரையையும் இரண்டு நாடுகளாகப் பிரிக்கக் கோடு போட வந்தவரின் மை குளிரில் உறைந்துபோனதால் ஏரி முழுவதும் ஒரே நாடாகிவிட்டது. அந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் நம் நாட்டில் எல்லாமே வந்தாக வேண்டும். சரி, வரட்டும். அங்கே அப்பாவுக்கு இருமல் கண்ட வாரமே அக்கரையிலிருந்த மகன் படகேறி வந்து அவரை டாக்டரிடம் இழுத்துப்போனான். அதனால் பிழைத்தார். அங்கே அவருக்கு ஒரு மகன் உண்டு.

இங்கே இருந்தவன் அடக்கத்தன்று போன் செய்து, "ரோடு மூடிக் கிடக்குது அக்கா" என்றான். ரோடு மூடவில்லை. சாலை அலுவலகத்தைக் கூப்பிட்டு அன்றே விசாரித்துவிட்டேன். பெட்டியைத் தூக்க ஆறாவது ஆள் இல்லாமல், முழங்கால் வலியோடு பக்கத்து வீட்டு எய்னார் தோள் கொடுத்தான். படகை அப்பா என் பேருக்கு எழுதிவைத்த கோபம் உனக்கு என்று ஊரே பேசியது. நானும் அதைத்தான் நம்புகிறேன்.

ஐலி

பின்குறிப்பு: சபையைத் திறக்கும்போது அவர் தொப்பி போட்டிருந்தாரா? அதை நீ எழுதவில்லை.


தண்டர் பே
4 மார்ச் 2018

அன்புள்ள அக்கா,

இப்படி எழுதி எட்டு வருடம் ஆகிறது. பேனா கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

தொப்பி போட்டிருந்தார். அந்தக் காது மறைக்கும் தொப்பிதான். ஒரு பக்கம் இறக்கி, ஒரு பக்கம் தூக்கி. கேட்டால் "ஒரு காது எனக்கு, ஒரு காது சபைக்கு" என்றார். கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உன்னைத் தேடினார். "எதிர்க்கட்சி எங்கடா? எதிர்க்க ஆளில்லாம என்ன சபை?" என்றார்.

தெரிந்தே எழுதினாயா என்று கேட்டாய். எழுதும்போது தெரியவில்லை; சின்ன வயசுப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. உறையை ஒட்டுமுன் படித்துப் பார்த்தேன். அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. அது தெரிந்தே செய்தது.

படகு விஷயத்தில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும் என்பது அப்பாவுக்குத் தெரியும். ரோடு பற்றி நான் சொன்னது பொய்.

அன்று விடியுமுன் கிளம்பிவிட்டேன். கறுப்புக் கோட்டு போட்டிருந்தேன். சாப்பாட்டுக்கு வாங்கி வரச் சொன்னாயே, அந்த ஏலக்காய் ரொட்டி நாலு பின் சீட்டில் இருந்தது. எல்லைச் சாவடியில் ஒரு பையன் கண்ணாடியை இறக்கச் சொன்னான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் கேட்டான்.

"எங்க போறீங்க சார்?"

"ஹான்காக்."

"எதுக்குப் போறீங்க?"

அக்கா, அதற்கான பதிலை அதுவரை நான் வாயால் சொன்னதே இல்லை. நீ போனில் சொன்னபோது "சரி" என்றேன். பணிமனையில் "லீவு வேணும்" என்றேன், அவர்களும் தோண்டிக் கேட்கவில்லை. அங்கே சாவடியில் அந்த வார்த்தைக்குப் பதில் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். பையன் மறுபடி கேட்டான். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டேன். சும்மா போகிறவன் கறுப்புக் கோட்டும் நாலு ரொட்டியுமாகவா போவான்? "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க சார்" என்றான். நிறுத்தினேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து மூன்றாம் முறை கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ரொட்டியை ஒரு வாரம் வைத்துத் தின்றேன்.

நம் நாட்டில் கோடு கிடையாது. படகில் ஏறுகிறவனை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நான் வந்திருப்பேன், ஆறாவது தோள் என்னுடையதாக இருந்திருக்கும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை அக்கா. நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளைக்கு ஒரு வரி சொல்ல வந்திருக்க வேண்டும். அதன்பிறகு உன்னிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எட்டு வருடம் ஓடிவிட்டது.

எய்னாரின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

உன் தம்பி,
ரெய்னோ


தண்டர் பே
20 ஏப்ரல் 2018

அன்புள்ள அக்கா,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. தபால் துறையின் தாமதம் என்று வைத்துக்கொண்டால் மந்திரியே பதவி விலக வேண்டியதுதான்.

துறைமுகத்தில் பனி உடைகிறது. அடுத்த கூட்டத்தொடர் நடக்குமா என்று மட்டுமாவது ஒரு வரி எழுது. நடக்காது என்றாலும் எழுது.

ரெய்னோ


ஹான்காக்
6 மே 2018

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

ராஜினாமாவை ஏற்க முடியாது. எதிர்க்கட்சி ஏற்றால்தானே செல்லும்?

உன் கடிதத்தை நான் மட்டும் படித்தால் போதாது என்று தோன்றியது. இங்கே கல்லறைத் தோட்டத்தில் பனி இடுப்பளவு கிடந்தது, அப்பாவின் கல் எங்கே என்றே தெரியவில்லை. அது கரையும்வரை காத்திருந்தேன். அதற்குள் உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். பிடிவாதம், வேறென்ன? போன ஞாயிற்றுக்கிழமை போய்க் கல்லைத் துடைத்துவிட்டு உரக்கப் படித்தேன். "சும்மாதான்" என்ற இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுகையும்தான். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியாதா? "ஒரு வாக்கியம் பேச வராதவனை யாருடா மந்திரியாக்கினது?" என்று கேட்டுவிட்டு, மீதி ரொட்டி எங்கே என்பார்.

அந்தச் சாவடியில் நீ அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். அதே நேரம் இங்கே வாசலில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வருடம் உன்னை மனதுக்குள் திட்டியதெல்லாம் வேறு யாருக்கோ போயிருக்கிறது. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. என்னை மன்னித்துக்கொள். குடும்ப விஷயம் எழுதக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டவளும் நான்தானே.

எய்னாரின் முழங்காலுக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஊரெல்லாம் நடந்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் தையலைக் காட்டுகிறான். பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. படகுக்குப் புதுசாகச் சாயம் அடித்திருக்கிறேன். உன்னை அதில் ஏற்ற மாட்டேன், பயப்படாதே.

இனி நாட்டு நடப்பு. சபாநாயகர் அவசரக் கூட்டம் கூட்டினார், ஒரு காதை இறக்கி, ஒரு காதைத் தூக்கி. தொலைபேசி மசோதா மறு வாக்கெடுப்புக்கு வந்தது. ஆறு முறையும் அதைத் தோற்கடித்த அந்த ஒரு இடது கையுறை யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் ஒரு நாட்டையே தொலைபேசி இல்லாமல் வைத்திருந்தேன். நினைத்தால் எனக்கே அநியாயமாகப் படுகிறது, பாவம் அந்த இளவட்டங்கள்.

இத்துடன் ஒரு வலது கையுறை வைத்திருக்கிறேன். சாம்பல் நிறக் கம்பளி, நானே பின்னியது. என் வாக்காகப் பெட்டியில் போட்டுவிடு. வலது நாற்பத்தொன்று, இடது நாற்பது, மசோதா நிறைவேறியது. இதன் ஜோடி இங்கே ஆணியில் தொங்குகிறது. அளவு உன்னுடையது. ஜூன் கடைசியில் நடுக்கோடைத் திருவிழா நெருப்பு மூட்டும்போது வந்து வாங்கிக்கொள். சவுனா நீராவிக் குளியலறையையும் சூடாக்கி வைக்கிறேன். ரொட்டி நாலு கொண்டு வா, வழியில் தின்றுவிடாதே. சாவடியில் கேட்டால் "அக்கா வீட்டுக்கு" என்று சொல். இரண்டே வார்த்தைதான், ஒத்திகை பார்த்துக்கொள்.

அதுவரை காத்திருக்க முடியாது என்றால், என் போன் நம்பர் பழையதேதான், நான் மாற்றவே இல்லை. மத்தியானம் மூன்றுக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடு. எதற்கு என்று கேட்க மாட்டேன்.

உன் அக்கா,
ஐலி