வெள்ளைப் பூ வந்ததென்று சொன்னேன்

ஆனைமலை,
14.8.1995

அன்புள்ள சாந்தாமணிக்கு,

இங்கே நானும் மாடுகளும் சுகம். அங்கே உன்னை அட்டை கடிக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் கடிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். கிளம்பாதே. அந்தமான் காட்டில் நடந்து நடந்து, எது தீவைத் தின்ன வந்த செடி, எது உதவுகிற செடி என்று பிரித்தெழுத உங்கள் கல்லூரியில் உன் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். பாதியில் திரும்பினால் இனி எந்தப் பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய்?

எனக்குக் கையெல்லாம் அரிப்பு என்பது நிஜம்தான். பெண்டாட்டி கடல் தாண்டினால் இப்படித்தான் ஆகும் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அவள் கிடக்கிறாள்! காரணத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நீ நட்டுவிட்டுப் போன சாமந்தியோடு, மழைக்கு இன்னொரு செடியும் முளைத்தது. இலை ஒரே ஜாடை. களை என்று நான் பிடுங்கி எறிந்தது சாமந்தியை. வெறும் கையால் மண் அணைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்தது, தொட்டாலே அரிக்கிற பார்த்தீனியத்தை!

அது வெள்ளை வெள்ளையாகப் பூத்த பிறகு, பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு உம்மல் குல்சும்தான் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, அம்மணி ஊர்ல இல்லீன்னா இந்தக் கருமத்துக்கா தண்ணி உடுவீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். செடிப் படிப்பு படித்தவளின் புருஷன் லட்சணம் இது.

களிம்பு போட்டதில் அரிப்பு அடங்கிவிட்டது. இப்போது கையுறை மாட்டிக்கொண்டு தினமும் பிடுங்குகிறேன். வேலி வரைக்கும் பரவியிருக்கிறது. விதை விழுவதற்குள் ஒன்றுவிடாமல் வேரோடு எடுத்துவிடுவேன். இது என் பங்கு. உன் பங்கை நீ அங்கே முடி.

இன்னொன்று. நீ போகலாமா என்று கருப்பராயன் கோயிலில் பூக் கேட்டேனே, வெள்ளைப் பூ வந்தது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று வந்து சொன்னேனே, அது பொய். பொட்டணத்தைப் பிரித்தால் சிவப்பு இருந்தது. வேண்டாம் என்று அர்த்தம். பெட்டி கட்டிக்கொண்டிருந்த உன் முகம் ஞாபகத்துக்கு வந்தது, மாற்றிச் சொல்லிவிட்டேன். கப்பல் கரை சேர்ந்ததென்று உன் தந்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாமிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அக்காவுக்குப் பதில் சொல்லத்தான் என்னால் ஆகாது. அதற்கு நீ வேலையை முடித்துவிட்டு வர வேண்டும்.

பாத்தியில் மறுபடியும் சாமந்தி நட்டிருக்கிறேன் கண்ணு. அது சாமந்திதானா என்று நீ வந்துதான் பார்த்துச் சொல்ல வேண்டும். முடித்துவிட்டு வா.

உன்
பாலுசாமி