கூழ் மேல் பழி போடாத அக்காவுக்கு

அக்கா,

மத்தியானம் உன் வீட்டுக்காரர் ஒரு தூக்கு நிறையக் கேழ்வரகுக் கூழும், கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆடி ஞாயிறு. கள்ளிக்குப்பம் முழுக்க வேப்பிலையும் ஒலிபெருக்கியுமாக இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியது. போன ஆடி ஞாபகம் வந்து, சாப்பிடாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை முதலில் பார்த்தது கீமோ ஏற்றும் அறையில். இருவருக்கும் சினைப்பைப் புற்றுநோய்தான்; எனக்கு முதல் முறை, உனக்குத் திரும்பி வந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட் வாங்கியவள் என்று நான் சொன்னதும், "அட, நம்ம ஊரு! உன் ஃபிளாட்டு நிக்கிற எடத்துல எங்க மாமனாரு கத்திரிக்கா போட்டுகினு இருந்தாரு" என்றாய். அன்றிலிருந்து உன் வீட்டுக்காரரின் ஆட்டோவில்தான் இருவரும் போய்வந்தோம். நான் வாங்க, போங்க என்று பேசினால் உனக்குப் பிடிக்காது. "இன்னா தங்கச்சி, நான் இன்னா கலெக்டரா?" என்பாய். முடி கொட்டிய வெட்கத்தில் நான் முக்காட்டுக்குள் குறுகிக் கிடப்பேன். நீயோ மொட்டைத் தலையோடு மண்ணூர்பேட்டையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ கேட்பாய். யாராவது உற்றுப் பார்த்தால், "திருப்பதி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

எனக்கு நோய் அடங்கியது. உனக்கு எந்தக் கீமோவுக்கும் மசியவில்லை. அப்போதுதான் டாக்டரம்மா அந்தப் புது முறையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார். கேட்டது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நீ என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனாய். ஒரு கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அது சிதையும்போது எதிரியின் அடையாளம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களுக்குத் தெரியவரும். கூடவே நரம்பில் ஏற்றுகிற மருந்து, அந்த அணுக்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிற பிரேக்கை எடுத்துவிடும். டாக்டரம்மா இவ்வளவையும் படம் போட்டுச் சொல்லி முடித்தார்.

"அப்ப கரண்டு வெச்சா திருடன் மூஞ்சி தெரியும். மருந்து போலீச அவுத்து வுடும். அதான?" என்று கேட்டாய்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா அவிழ்த்துவிட்ட போலீஸ் சில நேரம் நல்லவங்களையும் அடிச்சிடும். குடல், நுரையீரல், தோல், எங்க வேணா கை வைக்கும். சின்ன மாற்றம்னாலும் உடனே போன் பண்ணணும். இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற முறைம்மா. உங்களுக்குக் கேட்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"எனுக்குக் கேக்கலன்னா, அதுலேர்ந்து உங்களுக்கு எதுனா தெரியவருமா?"

"கண்டிப்பா."

"அப்ப ஆரம்பிங்க" என்றாய். கத்திரிக்காய் பேரம் முடிந்த மாதிரி எழுந்துவிட்டாய். 

கதிர்வீச்சு சீக்கிரம் முடிந்தது. மருந்து மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தது. அடுத்த ஸ்கேனில் கரண்டு வைத்த கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. வைக்காத இன்னொன்றும் கொஞ்சம் சிறுத்திருந்தது. இப்போதே ஆடக் கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்தார். நீ கேட்கிற ஆளா? அன்றே பூந்தமல்லி வரை ஆட்டோவை விடச் சொல்லி, பஸ் ஸ்டாண்டு வாசலில் முழம் முழமாக மல்லிகை வாங்கினாய். வைக்க முடி இல்லாததால் ஆட்டோ கண்ணாடிக்குச் சூட்டினாய். இவ்வளவு நாள் கழித்து ஒரு மருந்து கேட்கிறது என்றால் சும்மாவா? அந்த மருந்துதான் உன் உயிர் என்று எங்கள் எல்லோருக்கும் ஆகிப்போனது.

அதற்கப்புறம் வந்தது அந்த ஆடி. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நீயே அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றினாய், நீயும் குடித்தாய். மறுநாள் உனக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நான் வந்தபோது நீ சுருண்டு படுத்திருந்தாய். உன் நாத்தனார் ஓமத் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"கூழும் கருவாடும் துன்னா வயிறு போவாதா? இதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுவியா? மருந்த நிறுத்திட்டாங்கன்னா இன்னா பண்ணுவ? ரெண்டு நாள் பொறு, சரியாப் பூடும்" என்றார். அவர் சொன்னது அன்பில்தான். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். "அதே கூழத்தான் தெருவே துன்னுச்சு. எவனுக்குனா போச்சா? கூழு மேல ஏன் பழியப் போட்றீங்கோ?" என்றாய். அப்புறம் மெதுவாகச் சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் மறைச்சன்னு வெச்சுக்கோ, இந்த மருந்து வயித்த ஒண்ணும் பண்ணாதுன்னு அவங்க எழுதிக்குவாங்க. எனுக்கு அடுத்து வர்றவ அத நம்பி ஏமாந்து பூடுவா. போன எடு தங்கச்சி."

நீயேதான் பேசினாய். எத்தனை முறை போனாய், எப்படிப் போனது என்று கூச்சமில்லாமல் சொன்னாய். உன் நாத்தனார் பயந்த மாதிரியே மருந்தை நிறுத்தினார்கள். அவிழ்த்துவிட்ட போலீஸ் கை வைத்துக் குடல் புண்ணாகிக் கிடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் குடலில் ஓட்டையே விழுந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது உன் நாத்தனார் அழுத அழுகை! ஸ்டீராய்டு கொடுத்து உன்னை மீட்டார்கள். மருந்தை மறுபடி கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நோய் சில மாதம் அசையாமல் இருந்தது. தீபாவளிக்கு நீ அதிரசம் சுட்டாய், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாய். பொங்கல் கழிந்ததும் கல்லீரலில் எழும்பிய நோயை யாராலும் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் ஒருநாள், "அன்னிக்கு சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுதா?" என்று கேட்டேன். "போடி" என்றாய். அவ்வளவுதான். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை அக்கா. இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கிண்டல் செய்வாய் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். சித்திரையில் எனக்கும் திரும்பி வந்துவிட்டது. அதே கரண்டு, அதே மருந்து. ஸ்கேனும் நன்றாக வந்திருக்கிறது. மூன்று நாளாக வறட்டு இருமல். இன்று மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டுகிற தூசி என்கிறாள் என் மகள். நாளைக்கு அடுத்த மருந்து போட்டாக வேண்டும். தூசி என்று நானும் நம்பத் தயாராகத்தான் இருந்தேன்.

இதை எழுதும்போது நடுவில் எழுந்துபோய் போன் செய்துவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மாடிப்படி உட்பட. நர்ஸ் என்னை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவைக் கேட்டு வந்தார். பிறகு, "நாளைக்கு மருந்து வேண்டாம்மா, இப்பவே கிளம்பி வாங்க" என்றார். மகள் துணி எடுத்து வைக்கிறாள். அடுத்து வருகிறவளை நினைக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு விரியவில்லை அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் மறைக்கவில்லை.