ஒன்பதாவதுக்கு ஓர் ஒத்திகை

அமலா, என் கண்ணே,

அத்தை எழுதுகிறேன். நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் உன் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "நீங்களும் நாலு வரி எழுதுங்க ஆயா" என்று டீச்சர் வந்து கேட்டார்கள். மூன்றாவதோடு நின்றவளுக்கு நாலு வரியே நாலு நாள் வேலை. பேத்தி மலர்தான் எழுத்துப் பிழை திருத்துகிறாள். திட்டியிருக்கிற இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு மறதி கிடையாது. அது உனக்குத் தெரியும். "ஒங்களுக்கு ஆவாதவங்க செத்துப் போனாகூட, அவங்க செஞ்சது சாவாது அத்தை" என்று சிரிப்பாய். சிரி. ஆனால் கெட்டதை மறக்காதவளுக்கு நல்லதும் மறக்காது என்று ஏன் ஒரு நாளும் உனக்குத் தோன்றவில்லை?

நீ சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு நேரத்தில் சோறு வெந்ததா, முட்டை வந்ததா என்று பார்ப்பதுதான் உன் உத்தியோகம். எட்டாவது முடித்துப் போகிற பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படு என்று உனக்கு யார் உத்தரவு போட்டார்கள்?

நம் தெருப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு பஸ் ஏறி விருத்தாசலம் டவுனுக்குள் இருக்கிற பெரிய ஸ்கூலுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பாஸாகிவிடும், பெற்றவர்கள்தான் ஃபெயிலாவோம். பீங்கான் கம்பெனியில் நாள் முழுக்க அச்சில் மண் அழுத்துகிற பெண்களுக்கு ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். 'நாளைக்கு வா' என்று ஒரு தடவை சொன்னால் பத்து நாளைக்கு அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். பிள்ளை கம்பெனிக்கு வந்துவிடும். அப்படி வந்த எத்தனை பேரோடு ஒரே பலகையில் உட்கார்ந்து ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு சீவியிருக்கிறேன்! ஒவ்வொருத்தி பெயரும் சொல்வேன்.

அதற்காகத்தானே நீ அந்த ஒத்திகையைக் கண்டுபிடித்தாய்? மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு அன்றைக்கு, ஒன்பதாவது போகிற பிள்ளைகளின் வீட்டார் எல்லாரையும் சத்துணவுக் கூடத்துக்கு வரச் சொல்வாய். மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பேனா. நீதான் பெரிய ஸ்கூல் கிளார்க்கு. ஒவ்வொருத்தியாக உன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

காசியம்மா நின்றது ஞாபகம் இருக்கிறதா?

"என்னம்மா வேணும்?"

"பொண்ண சேக்கணுங்க."

"எந்தப் பொண்ண? ஊர்ல இருக்கற பொண்ணு எல்லாத்தையுமா?"

காசியம்மா விறுவிறுவென்று திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "போ ஆயா, இவ நெசமாவே திட்றா."

நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தாய். "யக்கா, திட்டுனா திரும்பி வந்துடக் கூடாது. ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க. பொண்ணு பேரு சொல்லுங்க, படிச்ச ஸ்கூலு சொல்லுங்க, டிசியக் குடுங்க. அவ்ளோதான். அழுவக் கூடாது, கும்புடக் கூடாது."

"கும்புடலன்னா கோச்சிக்க மாட்டாங்களா?"

"கும்புட்டா கையில இருக்கற பேப்பரு கீழ வுழுந்துடும்க்கா."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பாதி பயம் போயிற்று. அப்புறம் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஸ்கூலுக்குக் கூட்டிப் போனாய். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், குடிதண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே, உடம்பு முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றாகக் காட்டினாய். "ஒம்போதாவதுல பாடத்துக்கு ஒரு டீச்சர் வருவாங்க. மொத மாசம் பொண்ணு மெரண்டு போயி வரும், திட்டாதீங்க. கால் பரீட்சையில மார்க்கு கொறையும். கொறைஞ்சா நிறுத்திடாதீங்க, அரைப் பரீட்சைக்கு ஏறிக்கும்" என்றாய். ஏறத்தான் செய்தது. பெரிய படிப்பு படித்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து போனார்கள்! இந்த ஒரு வார்த்தையை யாராவது எங்களிடம் சொன்னார்களா?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என் மகனை ஒன்பதாவதில் சேர்க்கப் போனபோது, கம்பெனியிலிருந்து நேராகப் போனேன். கையைக் கழுவித்தான் போனேன். ஆனால் அந்த வெள்ளை மண் நகக்கண்ணை விட்டுப் போகுமா? டிசி மேல் என் அஞ்சு விரலும் அச்சாக விழுந்துவிட்டது. அங்கே இருந்தவன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்னம்மா, செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்புல வெச்சிருந்தியா?" என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டான். அவன் இன்றைக்கு எங்கே இருக்கிறானோ, நன்றாக இருக்கட்டும். நான் மறக்கவில்லை.

அதனால்தான் மலர் எட்டாவது முடித்து டிசி வாங்கியதும், அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். லேமினேஷன் போட்டேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மண் பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம். உன் ஒத்திகைக்குக் கொண்டுவந்து, எல்லாருக்கும் தெரியும்படி மேஜையில் தட்டென்று வைத்தேன். "எங்க, இப்ப யாரு கொற சொல்றான்னு பாக்கறேன்."

நீ பார்த்தாய். முதலில் சிரித்தாய். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"அய்யோ அத்தை! இதுமேலதான அவங்க சேர்க்கை நம்பர் எழுதணும், சீல் வெக்கணும்? பிளாஸ்டிக்குல எங்க எழுதறது?"

அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் டிசியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பன்னிரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் முந்தானையை உதறிக்கொண்டு போனேன்.

அந்தப் பன்னிரண்டு நாளில் நீ என்ன செய்தாய் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் லீவில் வேப்பூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நீ வெயிலில் பஸ் ஏறிப் போய் அவர் வாசலில் நின்றிருக்கிறாய். "இன்னொரு டிசி எழுதறது லேசுன்னு நெனச்சியாம்மா?" என்று அவர் கேட்க, "லேமினேஷன் போடக் கூடாதுன்னு நாமதான சார் சொல்லல? தப்பு அவங்க மேல இல்ல, நம்ம மேல" என்றாயாம். மறுநாளே அவர் வந்து எழுதிக்கொடுத்தார். நீ அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து மலர் கையில் கொடுத்துவிட்டு, "நான் சிரிச்சது தப்புன்னு ஒங்க ஆயாகிட்ட சொல்லு" என்று வாசலிலேயே திரும்பினாய். நான் உள்ளேதான் இருந்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "வெச்சிட்டுப் போவச் சொல்லு" என்றேன்.

ஒரு நன்றி சொல்லவில்லை, அமலா. மூன்று வருஷம் ஆகிறது. மலர் பன்னிரண்டாவது வந்துவிட்டாள். இதோ, ஊரே படிக்கும்படி சொல்கிறேன்: என் பேத்தி படித்தது உன்னால்.

ஆனால் ஒன்றை மன்னிக்க மாட்டேன். மஞ்சள் காமாலை முற்றி, கண் இரண்டும் மஞ்சளாகிற வரைக்கும் எங்கள் யாரிடமும் நீ சொல்லவில்லை. "பரீட்சை நேரம், பசங்களுக்கு சோறு நின்னுடக் கூடாது" என்றாயாமே. ஊரார் பிள்ளைகள் ஒன்பதாவது போவதற்கு அத்தனை ஏற்பாடும் செய்தவளுக்கு, தன் மகளும் இந்த வருஷம்தான் எட்டாவது முடிக்கிறாள் என்பது ஞாபகம் இல்லையா?

மே மாதம் வந்தது. ஒத்திகைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஜூன் வந்தது. மற்ற பிள்ளைகள் பெரிய ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்கள். உன் ஜெனி மட்டும் வாசல் தெளித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். கேட்டால், "அப்பா என்னை சேத்தியாத்தோப்பு அத்தை வூட்டுக்கு அனுப்பறாரு ஆயா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்றாரு" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வருஷம் என்று சொன்ன எந்தப் பெண் திரும்பப் போனாள்?

உன் வீட்டுக்காரர் சேவியர் கம்பெனிச் சூளையில் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். சண்டைக்குத்தான் போனேன்.

"என்னா மாப்ள, பொண்ணு படிப்ப நிறுத்தி ஒங்க கூடப்பொறந்தவளுக்குத் துணி தொவைக்க அனுப்பறீங்களாமே?"

அவர் தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த டிசியை எடுத்துக் காட்டினார். வியர்வையில் ஓரம் நைந்திருந்தது. "ரெண்டு தடவ போனேன் அத்தை. கேட்டு வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். எல்லா எடத்துலயும் அவதான் பேசுவா. நான் பின்னாடி நிப்பேன். என்னா கேப்பாங்க, என்னா சொல்லணும், ஒண்ணும் தெரியல."

என் சண்டையெல்லாம் வாயிலேயே நின்றுபோயிற்று. ஆயிரத்து எத்தனையோ டிகிரி நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனுஷன்!

வீட்டுக்குள் போய் உட்காரச் சொன்னேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நான் கிளார்க்கானேன். நீ நடிப்பாய், அமலா. எனக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தனை வருஷம் என்னை யார் யார் எப்படிப் பேசினார்களோ, அத்தனையும் அப்படியே வந்தது. பேர் சொன்னார். பள்ளிக்கூடம் சொன்னார். டிசி கொடுத்தார். நான் அதே வேகத்தில், "பொண்ணோட அம்மா எங்க? வரலியா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. ஜெனி என்னை முறைத்துப் பார்த்தாள். அந்த முறைப்பு உன்னுடையதுதான். போய்விடலாம் என்று நான் எழுந்தபோது, அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

"கேளுங்க அத்தை. நாளைக்கு அவங்களும் கேப்பாங்க இல்ல? இன்னொரு தடவ கேளுங்க."

கேட்டேன். "செத்துட்டாங்க சார்" என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, குரல் உடையாமல் முழுசாகச் சொன்னார். ஜெனி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். ஜன்னலில் சின்ன வயசுக்காரன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவன் ஏதாவது சொன்னால் காலத்துக்கும் மறக்கக் கூடாது என்று தயாராகப் பின்னால் நின்றேன். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. டிசியை வாங்கினான், எழுதினான், சீல் வைத்தான். "ஆச்சுங்க, திங்கக்கிழம அனுப்புங்க" என்றான். என் ஏற்பாடெல்லாம் வீண்.

சேவியர் மட்டும் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், இவங்க அம்மா செத்துட்டாங்க சார். நான்தான் கூட்டியாந்திருக்கேன். இனிமே எதுன்னாலும் நான்தான் வருவேன்" என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நான் ஒண்ணும் கேக்கலியேங்க?"

"கேக்கலன்னாலும் தெரிஞ்சிருக்கட்டும் சார்."

அவன் பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றான். "சரிங்க. அடுத்த மாசம் பெத்தவங்க கூட்டம் இருக்குது. நீங்களே வாங்க."

போனார் அமலா. அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பளையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். கணக்கு டீச்சரிடம் இரண்டு கேள்வி கேட்டாராம். ஜெனி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நீ போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். கால் பரீட்சையில் அவளுக்கு மார்க் குறைந்துவிட்டது. யாரும் திட்டவில்லை.

நேற்று சேவியர் என்னிடம் வந்து, "அத்தை, அடுத்த மே மாசம் ஆம்பளைங்களையும் கூப்புடணும். அமலா பொம்பளைங்களுக்குத்தான் சொல்லிக்குடுத்தா. பயம் எங்களுக்குத்தான் ஜாஸ்தி, வெளிய சொல்லிக்க மாட்டோம்" என்றார். சூளைக்காரர்களில் எட்டாவது படிக்கிற பிள்ளை யார் யார் வீட்டில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறார். வர மாட்டேன் என்கிறவனை இழுத்து வருவது என் பொறுப்பு.

ஆகவே நிம்மதியாக இரு, கண்ணே. மே மாதம் ஞாயிற்றுக்கிழமை உன் கூடம் திறந்திருக்கும். முன் வரிசையில் அப்பன்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேஜைக்குப் பின்னால் உன் புருஷன் இருப்பார். நம் தெருவில் எட்டாவது முடிக்கிற ஒரு பெண்ணைக்கூடக் கம்பெனிப் பலகைக்கு விடமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் ஜெனிக்கும் ஆயாவாகிவிட்ட
உன் அத்தை
தனக்கோடி