இலையை மறைத்த கை

என் அருமை மாப்ள,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்போதுதான் எழுதுகிறேன். எனக்கு எதுவுமே தாமதமாகத்தான் உறைக்கும், உங்களுக்குத் தெரியாததா?

ஆரப்பாளையத்து ஜவுளிக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே உங்கள் உடம்பு பெருத்தபோது ஊரே மெச்சியது. என் தங்கையைக் கட்டிய ராசி என்று நானும் பீற்றிக்கொண்டேன். பிறகு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றீர்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "நெய்யி, கறிக்கொழுப்பெல்லாம் உழைக்கிற உடம்பு செலவழிச்சிரும். உக்காந்திருக்கிற உடம்புல அம்புட்டும் தங்கிரும், நெஞ்சுக்கு ஆகாது" என்றாராம்.

நான்கு மாதம் நீங்கள் நெய்யைத் தொடவில்லை. விடிந்ததும் வைகைக் கரையில் நடந்தீர்கள். சட்டை தொளதொளத்தது. எனக்கோ, மாப்பிள்ளை இளைத்துவிட்டாரே என்று ஒரே வேதனை.

அப்போதுதான் எழுமலையில் என் மகனுக்குக் காதுகுத்து. பங்காளிகள் எல்லாரும் பந்தியில் இருக்க, நெய்க் கரண்டியோடு வந்தேன். நீங்கள் இலைக்கு மேல் கையை விரித்தீர்கள்.

"வேணாம் மச்சான். டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

"எங்க வீட்டு நெய்யி மட்டும் ஆகாதாக்கும்? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

சொல்லிக்கொண்டே உங்கள் விரல்கள் மேலேயே ஊற்றினேன், சுடச்சுட. பந்தியே சிரித்தது. நீங்களும் சிரித்தபடி கையை எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த ஒரு கரண்டிதான் கொன்றது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் தங்கை ஒருநாள் சொன்னாள்: "அன்னைக்குப் பெறகு அவுக எந்தப் பந்தியிலயும் கைய மறைக்கலண்ணே. காலையில ஆத்தங்கரைக்கு நடக்கப் போறதும் நின்னுபோச்சு." அடுத்த வருஷமே கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். என் வீம்புக்கு அவள் பூவும் பொட்டும் போயின. அவள் ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன மாதம் என் மகளுக்கு மறுவீட்டு விருந்து. புது மாப்பிள்ளை இலையை மறைத்து, "போதும் மாமா" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அடுப்படி வாசலில் தங்கை நின்றிருந்தாள்.

"சரிங்க மாப்ள, மோர் ஊத்தச் சொல்றேன்" என்று கரண்டியைத் திருப்பினேன். தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இம்புட்டு லேசான சொல். அன்றைக்கு ஏன் என் வாயில் வரவில்லை?

உங்கள் மகன் இப்போது காலையெல்லாம் ஓடி ஆடுகிறான். வளர்கிற பிள்ளை, நெய் போட்டுத்தான் சோறு வைக்கிறோம். ஆனால் என்றைக்காவது அவன் கை இலைக்கு மேல் வந்தால், என் கரண்டி அங்கேயே நிற்கும். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் விரலைச் சுட்ட
மச்சான்