உன் பயத்தின் மேல் எனக்கிருந்த பொறாமை

காளவாசல் சிக்னலில் ஆட்டோ நின்றபோது பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி நிறையப் பன்னீர் திராட்சை. வெயிலில் வதங்கி லேசாகப் புளிக்கத் தொடங்கிய வாசனை, வண்டிப் புகையையும் மீறி முகத்தில் வந்து அடித்தது. சட்டென்று உன் சமையலறைக்குள் போய் நின்றுவிட்டேன். என்னம்மா, பழம் வாங்கணுமா, ஓரங்கட்டவா என்று ஆட்டோக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இறந்து ஒரு வருஷமான சிநேகிதிக்குக் கடிதமா என்று என் மகள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். உன் முகத்துக்கு நேரே சொல்லாததை இப்போதாவது சொல்லியாக வேண்டும். முப்பது வருஷமாக நான் உன்னைப் பார்த்து வயிறெரிந்தேன்.

நகைக்கோ புடவைக்கோ இல்லை. நகை உன்னைவிட என்னிடம்தான் அதிகம், அது உனக்கும் தெரியும். உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே படிப்புதான். நீ கர்த்தருக்குப் பயந்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எப்படித் தாங்குவது, சொல். நாங்கள் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். என் பாட்டனாரின் தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். கீர்த்தனைப் புத்தகத்தைத் திறக்காமலே எந்தப் பாட்டையும் கடைசிச் சரணம் வரைக்கும் பாடுவேன். நீயோ உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டு வெள்ளாமைக்காரர் வீட்டுப் பெண். உன் அய்யா நடுவயதில்தான் ஞானஸ்நானம் பெற்றார். கல்யாணமாகி நம் சபைக்கு வந்த புதிதில், ஜெபப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் என்னை எட்டிப் பார்ப்பாய். நான் விரலால் தொட்டுக் காட்டுவேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

ஆனால் நீ கோயிலுக்குள் நுழைவதைப் பார்த்தால் எனக்குள் ஏதோ சுருங்கிப் போகும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, யாரோ பெரிய மனுஷர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்பதுபோல் வருவாய். நான் மின்விசிறிக்கு நேராக இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருவேன். ஒரு தடவை உன்னைக் கேலி செய்தேன். சாமி உன்னைக் கடிச்சா வைக்கும், ஏன் இம்புட்டு நடுக்கம் என்றேன். நீ கோபப்படவில்லை. உங்கள் ஊர் வீட்டைப் பற்றிச் சொன்னாய். "எங்கய்யா வீட்ல இருக்காருன்னா நாங்க சத்தம் போட மாட்டோம். அடிப்பாருன்னு இல்லடி. அவரு இருக்காருல்ல." அவ்வளவுதான் சொன்னாய். நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான், மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு ரசம் காய்ச்சும் பொறுப்பை உன்னிடம் கொடுத்தார்கள். அதுவரை செய்துகொண்டிருந்த டீச்சரம்மாவுக்கு முடியாமல் போனபோது, அடுத்தது நான்தான் என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். போதகர் உன் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எப்படித் தட்டினேன் என்று என் கைக்குத்தான் தெரியும்.

நீ அந்த வேலையைச் செய்த விதம் எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், பழத்தை ஒவ்வொன்றாக ஆய்ந்து, காய்ச்சி, மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவாய். சீனி சரியாக இருக்கிறதா என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாய். ஞாயிற்றுக்கிழமை சபையாரோடு சேர்ந்து முழங்கால் போட்டுத்தான் உனக்கும் முதல் சொட்டு. அதைவிடப் பெரிது இன்னொன்று. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு அப்புறம் திருவிருந்துக்கு வரவேண்டும் என்று நம் சபையில் மாதாமாதம் அறிவிப்பார்கள். நாங்களெல்லாம் அதைக் காணிக்கை அறிவிப்பு மாதிரிக் கேட்டுவிட்டு விடுவோம். நீ நிஜமாகவே போவாய். பால்காரரிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டேன் என்று வெயிலில் நடந்து போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தவள் நீ. அந்த மனுஷருக்கு எதற்கு என்றே புரியவில்லை.

இனி அந்த மாசத்துக்கு வருகிறேன்.

உங்கள் மதினி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்று நீ அவசரமாக உசிலம்பட்டிக்குக் கிளம்பினாய். போகிற வழியில் என் வீட்டு வாசலில் இறங்கி, கழுவிக் காயவைத்த நாலு பாட்டிலையும் வடிகட்டும் துணியையும் என் கையில் கொடுத்து, இந்தத் தடவை நீ காய்ச்சிரு, நான் ஞாயித்துக்கிழமை காலை பஸ்சுக்கு நேரா கோயிலுக்கு வந்துருவேன் என்றாய். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளுக்கு நேரம் ஒழியாதபோது மட்டும் நானா என்று உறுத்தியது. வியாழக்கிழமை உறுத்தலிலேயே போனது. வெள்ளிக்கிழமை என் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு போனால், மழையால் லோடு வரவில்லை என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். போதகருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பழம் கிடைக்கவில்லை என்று சொன்னால் என்ன, தலையையா எடுத்துவிடுவார்? உன்னால் முடிந்தது என்னால் முடியவில்லை என்று ஆகிவிடுமே! பலசரக்குக் கடையில் திராட்சை ஸ்குவாஷ் இரண்டு பாட்டில் வாங்கி, தண்ணீர் கலந்து, உன் பாட்டில்களில் ஊற்றி வைத்தேன்.

மறுநாள் எல்லோரும் குடித்தார்கள். நீயும் பஸ் அலுப்போடு வந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் என் பக்கத்தில் முழங்கால் போட்டாய். சின்னக் கிண்ணத்தை வாயில் வைத்தாய். உன் தோள் ஒரு கணம் அப்படியே நின்றது. நான் பார்க்காததுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் என்னிடம் வந்து, இந்த மாசம் ரசம் நல்ல ருசி என்று சொன்னார்கள். நீ காதில் கேட்கிற தூரத்தில்தான் நின்றாய். அது உன் காதில் விழுந்ததே எனக்குப் போதும் என்றிருந்தது.

பிறகு பின் அறையில் கிண்ணங்களைக் கழுவும்போது நீ கேட்டாய். "இது நீ காய்ச்சினதாடி?"

"வேற யாரு காய்ச்சுவா? நான்தான்" என்றேன்.

நீ அத்தனை கிண்ணங்களையும் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுப் போனாய்.

அடுத்த மாதம் நீ வழக்கம்போல ரசம் காய்ச்சிக் கொண்டு வந்தாய், துணி விரித்தாய், எல்லாம் செய்தாய். திருவிருந்துக்கு மட்டும் எழுந்து வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. உன் வரிசையில் உன்னைத் தாண்டித் தாண்டி ஜனங்கள் போனார்கள். சபையில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? அவ வீட்ல என்னமோ நடந்திருக்கு என்று பேச்சு கிளம்பியது. பெண்கள் சங்கத்தில் ஒரு அம்மா என்னிடமே கேட்டார், உனக்குத் தெரியாமயா இருக்கும் என்று. நமக்கெதுக்கு அக்கா அதெல்லாம் என்றேன். அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை. அதை நான் இழுத்துச் சொன்ன விதத்தில் எல்லாம் இருந்தது. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் மாதாமாதம் போய் முழங்கால் போட்டுக் குடித்தேன். எனக்கு ஒரு நாளும் கை நடுங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், அந்த மாதங்களில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஐந்தாவது மாதம் பொறுக்க முடியாமல் அரசரடியில் உன் வீட்டுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை, சண்டை போடத்தான் வந்தேன். ரெண்டு பாட்டில் ஸ்குவாஷுக்கா இந்தக் கூத்து என்று கேட்டேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்தாய்.

"ஸ்குவாஷுக்கு இல்லடி. பழம் கிடைக்கல, வெறும் தண்ணிதான் வச்சிருக்கேன்னு சொல்லியிருந்தாக்கூட பயபக்தியாக் குடிச்சிருப்பேன். நீ பொய் சொன்னியே."

"உன்கிட்டத்தான சொன்னேன்?"

"அவரும் அங்கதான இருந்தாரு."

எனக்குச் சுரீர் என்றது. பின் அறையில் அன்றைக்கு நாம் இரண்டு பேர்தான். உனக்கு மூன்று பேர். முப்பது வருஷமாக நான் வயிறெரிந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. உனக்கு அவர் இருந்தார். எனக்குக் கோயில் இருந்தது, பாட்டு இருந்தது, பாட்டனார் பெயர் இருந்தது. இருக்கிறவருக்குத்தானே பயப்பட முடியும்? அதற்குப் பிறகு நீ சொன்னதை வரி மாறாமல் வைத்திருக்கிறேன். "வெளியில சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்துட்டுக் குடிக்கணும். சொல்லாமக் குடிச்சா உன் பொய்யையும் சேத்து முழுங்கணும். ரெண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்ல. நீயா போதகரய்யாகிட்ட என்னைக்குச் சொல்றியோ, அன்னைக்குக் குடிக்கிறேன்."

அப்ப நீ குடிக்கவே வேணாம், போ என்று கத்திவிட்டு வந்தேன். வாயிலிருந்து வந்த வார்த்தை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் நேரம் பார்த்தேன், அதற்குள் உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது.

நீ படுத்தபின் ரசம் காய்ச்சும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் எத்தனை வருஷம் ஆசைப்பட்ட வேலை! அதனால்தான், முடியாதவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கப் போதகர் உன் வீட்டுக்கு வந்தபோது, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் கூட வர நேர்ந்தது. நீ தலையணை உறை மாதிரி மெலிந்துபோயிருந்தாய். உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். போதகர் ஜெபித்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார், அம்மா, யார்மேலயாவது மனத்தாங்கல் இருக்கா என்று.

இருக்குங்கய்யா என்றாய்.

அண்ணன் பதறிப்போனார். யார்மேல என்று போதகர் கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தாய். அவங்கள மன்னிச்சிருங்கம்மா, இந்த நேரத்துல எதுக்கு மனத்தாங்கல் என்றார் போதகர். நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்யா, ஆனா அவுக சொல்லணும், அதுவரைக்கும் எனக்கு வேணாம் என்று முணுமுணுத்தாய். சாகக் கிடக்கிறாய், ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் குடிக்கலாம். கொடுக்கவில்லை. அண்ணன் அழ ஆரம்பித்தார். போதகர் பெட்டியை மூடப் போனார்.

நான் சொன்னேன். மனந்திரும்பிச் சொன்னேன் என்று நீ நினைத்திருந்தால், இல்லை. இவள் சாகிறபோதும் என்னை ஜெயித்துவிட்டுப் போகிறாளே என்று தாங்காமல் சொன்னேன். "ஐயா, அது நான்தான். அந்த மாசம் நான் ரசம் காய்ச்சல. கடை ஸ்குவாஷ ஊத்திட்டு, காய்ச்சினேன்னு பொய் சொன்னேன். இவ குடிக்காம இருந்தது அதுக்குத்தான்."

போதகர் பெட்டியை மறுபடி திறந்தார். நீ கையை நீட்டினாய். அப்பத்தை வாங்கினாய், கிண்ணத்தை வாங்கினாய். குடித்தபோது உன் முகத்தில் பயமே இல்லை. அத்தனை வருஷம் பயந்தவளுக்குக் கடைசியில் அப்படி ஒரு முகம். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, அந்த நிமிஷத்திலும்.

அடுத்த கிண்ணத்தைப் போதகர் என்னிடம் நீட்டினார். என் கை எழும்பவில்லை. அந்தச் சின்ன அறையில் நாம் நாலு பேர். எனக்கு ஐந்து பேர் இருப்பதாகப் பட்டது. முதுகு சில்லிட்டுப்போனது. எனக்கு வேணாங்கய்யா, பயமா இருக்கு என்றேன்.

நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். "இப்பத்தான்டி நீ குடிக்கணும்."

குடித்தேன். பத்தாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் அடக்கத்துக்குப் பிறகு வந்த சங்கக் கூட்டத்தில், எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயர் சுத்தமானது. என் பெயர் என்ன ஆனது என்று நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லமாட்டேன். ரசம் இப்போதும் நான்தான் காய்ச்சுகிறேன், போதகர் மாற்றவில்லை. பாத்திரத்தின் முன்னால் நிற்கும்போது சில மாதம் அந்தச் சில்லிப்பு வருகிறது. வராத மாதம் திருவிருந்துக்கு எழுந்துபோகாமல் உன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என்னைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு எப்போதாவது வந்துபோகிற பயம் உனக்கு மூச்சு மாதிரி இருந்ததே என்று அங்கே உட்கார்ந்தும் எனக்கு வயிறெரிகிறது.

வருகிற ஞாயிறுதான் இந்த மாதத்தின் முதல் ஞாயிறு. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு உன்னோடுதான் இருக்கிறது. நீ செய்த குற்றம் ஒன்றுமில்லை, உன் மேல் பொறாமை மட்டும் போகமாட்டேன் என்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் அந்தக் கிண்ணத்தைத் தொடலாமா? கர்த்தருக்குப் பயந்து பதில் சொல்ல எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான் இருந்தாள். எங்கே போய்க் கேட்பேன்டி?