நாலரைக் கிலோ மருமகள்

அக்கா,

இன்று காலை சிவகாசி லேபில் உன் மகளின் விரலைக் குத்துவதற்கு முன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்கள். அந்த வாடை என்னை அவள் பிறந்த ஆஸ்பத்திரிக்கே இழுத்துப்போய்விட்டது.

அன்று டீக்கடையில் நான் முழங்கியதை நீ கேட்டிருக்க வேண்டும். "நாலரைக் கிலோ! பிள்ளையா அது, அணுகுண்டு! தராசுல வச்சதும் முள்ளு தெறிச்சு விஸ்வநத்தத்துல போயி விழுந்திருச்சு!"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்பார்கள். "ஏலே, ஒன் வாயி இவளுக்கும் வந்தா ஊரு தாங்காதுலே. இருந்தாலும் நீதான் வைக்கணும்" என்றிருந்தாய். வெள்ளிக் கிண்ணத்தில் சீனித் தண்ணீரோடு தாய்மாமன் ராஜநடை போட்டு வந்தால், பிள்ளை உன் பக்கத்தில் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், கை கால் வெடவெடக்கக் கிடந்தாள்.

"ரத்தத்துல சீனி ரொம்ப இறங்கிருச்சு" என்றார் டாக்டரம்மா.

"இதுக்கா பயந்தீக? இந்தா, கையிலயே இருக்கு!" கிண்ணத்தை நீட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அம்மாவோட சுகர் வயித்துல இருந்த பிள்ளைக்கும் போயிருக்கு. அதைச் சமாளிக்க அது இன்சுலினை அள்ளிச் சுரந்து பழகிருச்சு. கொடியை அறுத்ததும் சீனி நின்னுபோச்சு, இன்சுலின் நிக்கலை. இந்த எடையும் அதனாலதான். குளுக்கோஸ் ஏத்துறோம், வாயில எதுவும் வைக்காதீங்க."

தையல் போட்ட வயிற்றோடு எழ முடியாமல் நீ ஒரு கதவுக்குப் பின்னால். குழாய் சொருகிய கையோடு அவள் இன்னொரு கதவுக்குப் பின்னால். நடுவில், எந்தக் கதவும் திறக்காத வராந்தாவில் நான். உள்ளிருந்து உன் குரல் மட்டும் வந்தது: "ஏலே, உசுரோட இருக்காளா? பொய் சொல்லாமச் சொல்லுலே."

"கண்ணாடியை ஒதைக்கா, அக்கா."

அது நிஜம். பிறகு சீனி ஏறியது. உன் பாலைக் குடித்தாள். உன்னிடமிருந்த சுகர்தான் இறங்கவே இல்லை. சில வருடங்களில் சிறுநீரகத்தைத் தின்று உன்னையும் கொண்டுபோனது. இப்போது மச்சானும் மாத்திரையில் ஓடுகிறார்.

இன்றைய சோதனையில் உன் மகளுக்குச் சுகர் இல்லை. ஆனாலும் லேப் வாசலில் நின்றுவிட்டாள். "அம்மாவுக்கும் சுகர், அப்பாவுக்கும் சுகர். எனக்கும் வருமா மாமா?"

வெம்பக்கோட்டை அணையில் திமிங்கலம் பிடித்தேன் என்றால்கூட நம்புகிறவள் அவள். அவளிடம் 'வராது' என்று மட்டும் புளுகக் கூடாது. 'வரலாம், வராமலும் போகலாம், உடம்பைக் கவனிக்கணும்' என்று அன்றே டாக்டரம்மா சொன்னதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நடந்தா? நாரணாபுரத்து வீடு வரைக்குமா?"

"ஆமா."

"இன்னைக்கு மட்டுமா மாமா?"

"தெனமும்தான்" என்றேன்.